பிஷ்கெக் போனவர்கள்

அன்றைக்கு யாரும் குல்சாத்துக்கு ரொட்டி நீட்டவில்லை.

நரின் ஊரில் வாசலை மிதித்தவர் வாயில் ஒரு துண்டு ரொட்டியாவது போடாமல் விடமாட்டார்கள், அது டயாலிசிஸ் அறையாக இருந்தாலும் சரி. பக்கத்து நாற்காலிக்காரர் எசென்பெக் மடியில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. மனுஷனுக்கு என்ன கோபமோ என்று நினைத்தபடி ஜன்னலோரத்துத் தன் நாற்காலியில் சாய்ந்தாள்.

பிளீச்சிங் பவுடர் நெடி, யாரோ கொண்டுவந்த ஆட்டுக்கறி சூப்பின் கொழுப்பு வாசனை, அவற்றுக்கு அடியில் இயந்திரங்களின் ஓயாத முனகல். அவளுடையது மட்டும் இருண்டு கிடந்தது. இன்று ரத்தம் சுத்தமாகாவிட்டால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சுமுட்டிச் சாக வேண்டியதுதான். நர்ஸ் பெகாயைக் கூப்பிட்டாள். பெகாய் நிற்காமல் கடந்துபோனாள்.

இந்த ஊரில் நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்வதில்லை. புற்றுநோயை வயிற்றுப்புண் என்பார்கள். நாற்காலி ஒன்று காலியானால், கிட்னி கிடைத்து ஆபரேஷனுக்குத் தலைநகரம் பிஷ்கெக் போயிருக்கிறார் என்பார்கள். குல்சாத்தே எத்தனையோ பேரிடம் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள். போனவர்கள் திரும்பியதில்லை, யாரும் விசாரித்ததும் இல்லை.

பெகாய் ஓர் இளம்பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். இது யாருடைய இடம் என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"குல்சாத் அக்கா இடம்மா. கிட்னி கெடச்சு பிஷ்கெக் போயிட்டாங்க."

"கொடுத்துவச்சவ," என்றார் எசென்பெக், ரொட்டியைப் பார்த்தபடி. "எங்கிட்டகூடச் சொல்லாமப் போயிட்டா, கள்ளி."

இங்கேதான் இருக்கிறேன் என்று குல்சாத் கத்தினாள். ஒரு தலையும் திரும்பவில்லை. ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த அவளுடைய இடது கை, வண்டு அடைத்ததுபோல் எப்போதும் ரீங்கரிக்கும். காதில் வைத்தாள். சத்தமில்லை. அழுத்தி வைத்தாள். இல்லை.

அவளிடமும் யாரும் சொல்லவில்லை.

எழ வேண்டும். முடியவில்லை. அந்தப் பெண் அவள் மடிமேலேயே உட்கார்ந்தாள். உடனே உடம்பு உதறியது.

"ரொம்பக் குளுருதுக்கா."

"மொத நாள் அப்படித்தான் இருக்கும்," என்று பெகாய் போர்வையை இழுத்துவிட்டாள்.

குல்சாத் பயத்தில் பின்னால் ஒண்டினாள். முதுகில் ஒரு மார்பு இடித்தது. தொடைக்கு அடியில் தொடை. அதற்கும் அடியில் இன்னொன்று. இன்னும் ஒன்று. ஊசித் தழும்பேறிய கைகள், ஒவ்வொன்றாக, மெல்ல அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டன.