புளிக்குள் ஒரு கோயில்

லத்தீப் பாய் வாணியம்பாடியிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் புளி வாங்க வருவார். பேச்செல்லாம் பழைய காசுகளைப் பற்றித்தான் இருக்கும். எல்லாக் காசும் இல்லை. கோயில் பொறித்த ரோமானிய வெண்கலக் காசு மட்டும். மனிதருக்கு அப்படி ஒரு பைத்தியம்!

அன்று ஒரு காசை, புளி விற்கும் வீட்டுச் சிறுமி வெண்ணிலாவின் கையில் வைத்தார். அது புளி நிறத்தில் இருந்தது.

"பல வருஷம் தேடி இப்பத்தான் கெடச்சிது. சண்டை இல்லாத காலத்துல இந்தக் கோயில் கதவைச் சாத்திடுவாங்களாம்."

"எங்க ஊருல சாமி தூங்கத்தான் சாத்துவாங்க," என்றாள் வெண்ணிலா.

பாய் சிரித்தபடி காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கொட்டை எடுத்த புளிக் குவியலைக் குனிந்து பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். அதற்குள் அம்மா பூங்கோதை புளி முழுவதையும் உருண்டை பிடித்துவிட்டாள்.

திரும்பி வந்தவர் பையைத் தடவினார். குனிந்து தரையிலும் தேடினார்.

"இன்னா பாய் தேடறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"காசைக் காணோம்மா. குனிஞ்சப்ப புளியில விழுந்திருக்கும். புளிப்பு ஊறுனா கோயிலையே அரிச்சிடும்."

"எல்லா உருண்டையும் பிச்சிடலாங்க."

"வாணாம்மா, இம்மாம் வேலை வீணாப்பூடும்," என்றார் பாய். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

வெண்ணிலா தன் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வெண்கலத்துல அது ஒட்டாது கண்ணு," என்றார் பாய்.

சாக்கில் கோணி ஊசி செருகியிருந்தது. வெண்ணிலா அதைப் பார்த்தாள். "கொட்டைதான் எடுத்தாச்சே. ஊசி உள்ள தட்டுனா அது காசுதான்!"

ஒவ்வோர் உருண்டையிலும் பூப்போல ஊசியை இறக்கினாள். கை கடுத்தது. கடைசியில் ஒன்றில் ஊசி தட்டி நின்றது. உருண்டையை இரண்டாகப் பிட்டால், உள்ளே காசு!

"குடுங்க, சாம்பல் போட்டுப் பளபளன்னு தேச்சித் தர்றேன்," என்று அம்மா கையை நீட்டினாள்.

பாய் பதறிப்போனார். "ஐயோ, வாணாங்க! அந்தக் கறுப்புதான் இதுக்கு அழகே."

தண்ணீரில் மட்டும் அலசி, துணியால் ஒற்றினார். பிறகு வெண்ணிலாவின் தலையில் கை வைத்தார்.

"இது எனக்கு ரெண்டு தடவை கெடச்சிருக்கு கண்ணு. ரெண்டாந்தடவை உன்னால. நல்லா இருப்பே."

ஊசித் துளையோடு எல்லாப் புளியையும் வாங்கிக்கொண்டார். பிட்ட உருண்டையில் ஒரு பாதியை மட்டும் வெண்ணிலாவிடம் கொடுத்தார். அதில் தூண்களோடு கோயில் அப்படியே பதிந்திருந்தது.

அன்று குழம்புக்கு அம்மா புளி கேட்டபோது, வெண்ணிலா பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடன் வாங்கி வந்தாள்.