கொசுக்கடி

காலை ஏழு மணிக்கு வார்டில் மஞ்சள் அளவுகள் அறிவிக்கப்பட்டன. ஊசி இல்லை, ரத்தம் இல்லை, அழுகை இல்லை. தொட்டிலுக்கு மேலே தொங்கும் ‘தோல்நோக்கி’ என்ற கேமரா குழந்தையின் மேனியைப் பார்த்து, காமாலை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று குழைந்த குரலில் சொல்லிவிடும். தோல்நோக்கி சந்தேகப்படாத பச்சைக் குழந்தையை ஊசியால் குத்துவது குற்றம் என்று குத்தாமைச் சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் குரலைக் கேட்டாலே ஜெஸ்லினுக்குக் குமட்டும். முப்பது வருட நர்ஸ் வேலையில், இவ்வளவு தேனொழுகப் பேசிய யாரையும் அவள் நம்பியதில்லை.

நான்காம் தொட்டிலில் மதிவதனியின் மகள் கிடந்தாள். பிறந்து மூன்று நாள். அதில் இரண்டு நாள் காமாலைக்கான நீல விளக்கின் கீழே.

“மஞ்ச எறங்கிட்டாம் சிஸ்டர். வீட்டுக்குப் போலாம்னு மிஷின் சொல்லிட்டுது,” என்றாள் மதிவதனி பூரிப்போடு.

பால் கொடுக்க வசதியாக ஜெஸ்லின் விளக்கை அணைத்தாள். நீல ஒளியில் தெரியாதது பகல் வெளிச்சத்தில் தெரிந்தது. குழந்தையின் வயிற்றிலும் தொடையிலும் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரின் அடியை வைத்து அழுத்திப் பார்த்தாள். வெறும் தடிப்பாக இருந்தால் அழுத்தும்போது மறைய வேண்டும். ஒன்றுகூட மறையவில்லை. தோலுக்கடியில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரிந்திருக்க வேண்டும். அடுத்த கசிவு மூளையில் என்றால் குழந்தை பிழைக்காது. ரத்தம் எடுக்காமல் அதை எந்தக் கேமராவாலும் எண்ண முடியாது.

பணியிலிருந்த டாக்டர் ரோஷித்தைக் கூப்பிட்டாள்.

“தோல்நோக்கி பாத்துட்டுதே சிஸ்டர். கொசுக்கடி, கவலை வேண்டாம்னு போட்டிருக்கு. தொண்ணூத்தெட்டு சதவீதம் உறுதி.”

“இந்த ஊர்ல கொசுவை ஒழிச்சுப் பத்து வருசமாச்சு டாக்டர். நீங்க கடைசியா எப்போ கொசுவைப் பாத்தீங்க?”

அவன் யோசித்தான். “மியூசியத்துல.”

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். அறைந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. இல்லாத கொசு கடித்தது என்று இயந்திரம் சொல்ல, படித்தவன் தலையாட்டுகிறான். சீ, என்ன பிழைப்பு இது!

“மிஷின் சந்தேகம்னு சொன்னாதான் ஊசிப் பெட்டி திறக்கும். நான் என்ன செய்ய?”

“கொசுக்கடின்னு அதுக்கு யார் சொல்லிக் குடுத்தா? மூலத்தைக் கேளுங்க.”

திரையில் விடை வந்தது. பழைய கட்டடத்து வார்டுக் குறிப்புகள், நானூற்றுப் பதினொரு பதிவுகள். சிவப்புப் புள்ளி என்றால் கொசுக்கடி. எழுதியவர்: ஸ்டாஃப் நர்ஸ் ஜெஸ்லின்.

அவளுக்கு வாயெல்லாம் கசந்தது. அந்தக் கட்டடத்தில் கொசு மொய்த்தது உண்மைதான். ஆனால் சந்தேகம் என்று எழுதினால் ரத்தம் எடுக்க வேண்டும், லேபுக்கு ஓட வேண்டும், கொண்டுவந்த ரத்தம் உறைந்துவிட்டது என்று அங்கே திட்டு வாங்க வேண்டும். கொசுக்கடி என்றால் ஒரே சொல்லில் வேலை முடிந்தது. ஒரு தடவைகூட அவள் டம்ளரை வைத்து அழுத்திப் பார்த்ததில்லை. எல்லா நர்ஸுகளும் அப்படித்தான் எழுதினார்கள். அவள் கையெழுத்துதான் இயந்திரத்துக்குப் புரியும்படி முத்து முத்தாக இருந்தது. அதற்காகப் பாராட்டுப் பத்திரம் வேறு கொடுத்தார்கள்.

எழுதியவரே தன் பதிவு பொய் என்று ஒப்புக்கொண்டு கைரேகை வைத்தால் இயந்திரம் அந்தப் பாடத்தை மறக்கும்.

“வேணாம் சிஸ்டர். லைசென்ஸ் போயிடும், கேஸ் வரும்,” என்றான் ரோஷித்.

“பிள்ளை போயிடும்டா!”

விரலை வைத்தாள். தோல்நோக்கி ‘சந்தேகம்’ என்று மாற்றிச் சொன்னது; ஊசிப் பெட்டி திறந்தது. குத்தியதும் குழந்தை வீறிட்டது. அந்த வார்டில் ஊசிக்காக ஒரு குழந்தை அழுவதைக் கேட்டிராத தாய்மார்கள், கொலைகாரியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்கள்.

ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் பதினோராயிரம்தான் இருந்தன. உடனே தட்டணு ஏற்றினார்கள். மதியத்துக்குள் எண்பதாயிரம். தலை ஸ்கேனில் கசிவு ஏதுமில்லை.

மதிவதனி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீங்க இல்லேன்னா என் பிள்ளை இல்ல சிஸ்டர்.” ஜெஸ்லினுக்குத் தன் கைகளே அருவருப்பாக இருந்தன. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பொய் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பதிவை நம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கெல்லாம், எழுதியவர் பெயரோடும் எண்ணோடும் இயந்திரம் அப்போதே தகவல் அனுப்பிவிட்டிருந்தது. அவள் கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

“ஜெஸ்லின் சிஸ்டரா?” ஒரு பெண்ணின் குரல், தயங்கித் தயங்கி வந்தது. “பன்னெண்டு வருசத்துக்கு முன்னால எங்க பாப்பாவுக்கும் கொசுக்கடின்னுதான் சொன்னாங்க. வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாள் போயிட்டா. நான் கொசுவலை போடாததாலதான்னு எங்க மாமியார் இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன்.”

ஜெஸ்லின் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அது கொசுக்கடி இல்லையா சிஸ்டர்?”