தேர் நிலை சேர்ந்த செய்தி

1911, ஆனி மாதம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம். காலை பத்து மணி.

அலமாரிப் பூட்டு உடையவில்லை. உள்ளே ஒரே ஒரு கட்டுரையைத்தான் காணோம்.

‘பத்திரிகையில் வந்ததெல்லாம் மெய்யா?’ என்பது மாணவர் போட்டித் தலைப்பு. முதல் பரிசு, காலேஜில் சம்பளம் கட்டாமல் படிப்பு. காணாமற்போனது முத்துமாலையின் கட்டுரை. பிற்பகலில் தீர்ப்பு, அதற்குள் கிடைக்காவிட்டால் அவன் அப்பனோடு வயலுக்குப் போகவேண்டியதுதான். வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

“முந்தாநாள் திருநெல்வேலித் தேருக்கு லீவு. அன்னைக்குச் சாயங்காலம் யாரோ உள்ள போனதை எதிர்க்கடைக்காரர் பாத்திருக்காரு. முகம் தெரியல,” என்றார் தலைமையாசிரியர் சிவசண்முகம் பிள்ளை.

சாவி இருவரிடம்தான் உண்டு. விசாரிக்க வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் பாக்கியசீலன் முதலில் பியூன் இசக்கியைக் கூப்பிட்டார்.

“சாயங்காலம் எங்கன இருந்தே?”

இசக்கி உள்ளங்கைகளை விரித்தான். தோல் உரிந்திருந்தது. “வடம் பிடிச்சேன், எசமான். முந்தாநாளும் இழுத்தேன், நேத்தும் இழுத்தேன்.”

அடுத்தவர் தமிழாசிரியர் தாணுமாலையன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயிலில் வந்துபோகிறவர். சென்னைப் பத்திரிகைக்கு நிருபர் என்பதில் ரொம்பப் பெருமை.

“நானும் தேர்லதான் நின்னேன், ஐயா. பொழுது சாயயில தேரு நிலைக்கு வந்துது. கும்பிட்டுட்டு ரயிலேறிட்டேன்.” காலையில் வந்திருந்த பத்திரிகையைத் தட்டிக் காட்டினார். “இந்தா, போட்டிருக்கே!”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “இசக்கி, நேத்து எதுக்குலே இழுத்தே?”

“முந்தாநாள் சக்கரம் பதிஞ்சு தேரு பாதியிலயே நின்னுட்டே, எசமான். நேத்து மத்தியானந்தான் நிலைக்கு வந்துது.”

இன்ஸ்பெக்டர் தாணுமாலையன் பக்கம் திரும்பினார்.

“மத்தியானமே தந்தி கொடுத்தாத்தான் மறுநாள் அச்சுல ஏறும். அதனால முந்தாநாள் தேரு நிலைக்கு வருமுன்னே வந்துட்டுன்னு தந்தி கொடுத்துட்டீரு. அங்கன போகவே இல்ல. நீரு எழுதினதை நீரே நம்பிட்டீரே வே!”

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார்.

“போன வருசமும் தேரு வருமுன்னே எழுதின தந்தியை முத்துமாலை கையிலதான் கொடுத்தனுப்பினேன். அதையே உதாரணமா எழுதிட்டான். பேரு கெட்டுருமேன்னு எடுத்தேன். கிழிக்க மனசு வரல. நல்லா எழுதியிருக்கான்.”

முத்துமாலை பைய முன்னே வந்தான். “சார், இந்த வருசத் தேரையும் கடைசியில சேத்துக்கிடட்டுமா? உங்களைக் கேட்டுட்டுத்தான எழுதணும்?”

வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “எழுதுலே. ஆனா, என்கிட்ட கேக்காத. இசக்கிகிட்ட கேட்டு எழுது.”

பிற்பகலில் பரிசு வாங்க எழுந்தபோது முத்துமாலையின் விரலில் மை காயவில்லை. தாணுமாலையன்தான் முதலில் கை தட்டினார்.