சலிப்பான்

'விளைநிலம்' என்ற கணினி விளையாட்டில் அன்று மூன்றாம் களையெடுப்பு. கண்களில் காட்சிக்கவசம் மாட்டிய இருபது லட்சம் பேர் முழங்கால் சேற்றில் நின்று களையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த விளையாட்டுக்குப் பயிர்களை வடிவமைத்த கோதைநாயகியும் கூடவே குனிந்திருந்தாள். திட்டு கேட்கக் கேட்க அவளுக்கு இனித்தது.

மற்ற விளையாட்டுகளில் களை வெறும் படம். இவள் அதற்கு வம்சம் கொடுத்திருந்தாள். கைக்குத் தப்பிய புல்தான் அடுத்த போகத்துக்கு விதை போடும். நெல்லைப் போல இல்லாததையெல்லாம் ஆட்டக்காரர்கள் பிடுங்கிப் பிடுங்கி, எண்பது போகத்தில் புல் அச்சு அசலாக நெல்லாகவே நின்றது. இலை தண்டைத் தழுவும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய ஏடு ஒன்று உண்டு, புல்லுக்குக் கிடையாது. தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆள் வேடமிட்டுப் பரிசை அள்ளிய கணினி நிரல்களும் அங்கே உண்டு. நிழலாடிகள் என்று பெயர். அவற்றைப் பிடிக்க அலுவலகத்தில் ரிஸ்வான் ஒரு கருவி செய்தான், சலிப்பான். மனிதனுக்குச் சலிக்கும், நிரலுக்குச் சலிக்காது. சலிக்காதவரைச் சலித்து வெளியே தள்ளிவிடும். இதுவும் களையெடுப்புதானே, தப்பியது விதை போடுமே என்று கோதை எச்சரித்தாள். நிழலாடிக்குச் சலிப்பு எங்கிருந்து வரும் என்று சிரித்துவிட்டான் ரிஸ்வான்.

கோதையின் பக்கத்து வயல்காரர் சங்கிலிமுத்து. ஓயாமல் "முதுகு விட்டுப்போச்சுங்க" என்று முனகுவார். வெள்ளம் வந்தபோது தன் வரப்பை வெட்டி அவள் வயல் நீரை வாங்கிக்கொண்டார். அவர் பயிர் பாதி அழுகியது, அவள் புதிதாக வடிவமைத்த நெல் பிழைத்தது. ஒருநாள், முதுகுக்கு என்ன தைலம் தேய்க்கிறீர்கள் என்று கோதை கேட்டாள். மறுபடியும் அதே முனகல்தான் வந்தது. வடிவமைப்பாளர் உரிமையில் அவருடைய பதிவைத் திறந்தாள். நிழலாடி. பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. சத்தமில்லாமல் மூடிவிட்டாள். அவள் திறந்து பார்த்த தடயம் மட்டும் அவர் பதிவில் நின்றது.

மறுவாரம் சலிப்பான் அவளையே வெளியே தள்ளியது. இருநூற்றுப் பதினான்கு நாளில் ஒருநாள் தவறவில்லை, ஒரு பெருமூச்சு இல்லை. இது எந்திரம் என்று தீர்ப்பு. புது நெல் கதிர் வாங்கும் நேரம் அது. அண்டை வயல்காரர் சாட்சி சொல்லாவிட்டால் சூரியன் சாய்வதற்குள் வயல் அழிந்துவிடும். விதியை மீற முடியாதென்று ரிஸ்வானும் கையை விரித்தான். கோதைக்கு அழுகை வந்தது. அதைப் பார்க்கச் சலிப்பானுக்குக் கண் இல்லை.

மாலைக்குள் சங்கிலிமுத்துவின் சாட்சி வந்தது. "அந்தம்மா மனுஷிதானுங்க. பிடுங்க வேண்டியதுன்னு தெரிஞ்சும் ஒண்ணைப் பிடுங்காம விட்டாங்க. எந்திரத்துக்கு அது வராதுங்க."

களையைச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டது சலிப்பான். 'மனிதர் சாட்சி, செல்லும்' என்று முத்திரை குத்தியது.

கோதை வயலுக்குத் திரும்பினாள். கதிர்கள் தலை காட்டியிருந்தன. வரப்பில் சங்கிலிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தினம் ஒருக்கா முனகிருங்கம்மா," என்றார் தணிந்த குரலில். "நானெல்லாம் அப்படித்தானுங்க தப்பிக்கிறேன்."

கோதைக்கு வலியும் இல்லை, சலிப்பும் இல்லை. இந்த வயலில் இன்னும் நூறு போகம் குனிந்து நிற்கலாம் போல ஆசையாக இருந்தது. ஆனாலும் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, சலிப்பானுக்குக் கேட்கும்படி முனகினாள்.

"முதுகு விட்டுப்போச்சுங்க."