முப்பத்தொரு வோல்ட்

லெஸ்டரின் பண்ணையில் மறுபடி கால் வைப்பதில்லை என்று எட்டு மாதமாக வைராக்கியமாக இருந்தவள் ரேலீன். லெஸ்டரின் தம்பி டாரில், அவளோடு கல்யாணத் தேதி குறித்த பிறகு, மேற்கே சுரங்க வேலைக்கு ஓடிப்போனான். போகிறேன் என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லை. ஊர் அவளைப் பார்த்த பார்வைக்குச் செருப்பாலேயே அடித்திருக்கலாம்.

ஆனால் காட்டுத்தீக் காலம் தொடங்கிவிட்டது. லெஸ்டரின் தண்ணீர் லாரி ராணுவம் கழித்துக்கட்டிய வண்டி. அதன் வயரிங் தெரிந்த மெக்கானிக், படையில் ஒன்பது வருடம் குப்பை கொட்டிய ரேலீன் ஒருத்திதான். டாரிலின் விலாசத்தை எப்படியாவது கறந்துவிடலாம் என்ற நப்பாசையும் சேர்ந்துகொள்ள, வந்துவிட்டாள்.

பட்டப்பகல். நாற்பத்து மூன்று டிகிரி வெயில். லாரி நின்ற கொட்டகைக்குள் நுழைந்ததுமே அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. பாட்டரிக்குள் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் அமிலம் கொதித்து இப்படித்தான் நாறும். அவளுக்கு அது பழகிய நாற்றம்.

டாரிலைப் பற்றிக் கேட்டாள். லெஸ்டர் சிரித்தான்.

"எந்தச் சுரங்கத்துல எவளோட இருக்கானோ. உனக்கு இன்னும் அந்த நெனப்பு போகலையா?"

டீ போடுகிறேன் என்று வீட்டுக்குள் போய்விட்டான்.

என்ஜினை ஓடவிட்டுப் பாட்டரியில் மீட்டரை வைத்தாள். முப்பத்தொரு வோல்ட். இருபத்தெட்டில் நிற்க வேண்டியது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினாள். இருபத்தெட்டு. நிமிர்ந்து வியர்வையைத் துடைப்பதற்குள் மறுபடி முப்பத்தொன்று. இறக்கினாள், ஏறியது. எரிச்சலில் ரெகுலேட்டரின் இணைப்பையே பிடுங்கிப் போட்டாள். இனிச் சார்ஜே ஏறக்கூடாது.

முப்பத்தொன்று.

என்ஜினை அணைத்தாள். மூடிகளைத் திறந்தால் பாட்டரிக்குள் தகடுகள் காய்ந்து கிடந்தன. இரண்டு கேபிள்களையும் கழற்றி, பச்சைப் பொருக்கைத் தேய்த்தெடுத்தாள். மூலையில் கடையில் வாங்கிய பாட்டரித் தண்ணீர்ப் பாட்டில்கள் காலியாகக் கிடந்தன. என்ன கிறுக்கு இவனுக்கு என்று நினைத்தாள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் குடிப்பதே கூரையிலிருந்து தொட்டியில் இறங்கும் மழைத்தண்ணீர்தான். பாட்டரிக்கும் அதையேதான் ஊற்றுவார்கள். கொட்டகைக்குப் பின்னாலேயே தொட்டி நின்றது.

குழாய் விக்கி விக்கி வந்தது. ஜாடியை நிரப்பிவிட்டு, தாகத்துக்கு இரண்டு கை அள்ளிக் குடித்தாள்.

சீ!

தித்திப்பு. தித்திப்போடு ஒரு கொழகொழப்பு, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. தவளை ஏதாவது விழுந்து செத்திருக்கும் என்று காறித் துப்பினாள். இருந்தாலும், பாட்டரிக்கு என்ன ருசியா தெரியப்போகிறது என்று கொண்டுபோய் ஊற்றினாள்.

பாட்டரி கொதித்தது.

என்ஜின் ஓடவில்லை. கேபிள்கள் தரையில் கிடந்தன. ஆனாலும் எல்லா ஓட்டைகளிலிருந்தும் பழுப்பு நுரை பொங்கி வழிந்தது. இப்போது வந்தது முட்டை நாற்றம் இல்லை. மாமிசம் அழுகி, ஊறி, கரைந்து போன நாற்றம். நுரையில் எண்ணெய்ப் படலமும் செம்பட்டை மயிரும் மிதந்தன. ஏதோ ஒன்று நுரையோடு மேலே வந்து ஓரத்தில் ஒதுங்கியது.

நகம்.

கட்டைவிரல் நகம், நடுவில் ஆட்டுக் குளம்புபோல் பிளந்தது. ஜாக்கி நழுவி நசுங்கிய டாரிலின் விரலில் அப்படித்தான் முளைத்திருந்தது. அந்த விரலைப் பிடித்து எத்தனை முறை கேலி செய்திருப்பாள்!

"அந்தக் கொழாயத் தொறந்தியா?"

வாசலில் லெஸ்டர். கையில் டீ இல்லை. டயர் கழற்றும் கம்பி இருந்தது.

"அவன் எங்கயும் போகல," என்றாள்.

"பண்ணையில பாதிப் பங்கு கேட்டான், ரேலீன். உன்னோட குடித்தனம் நடத்தணுமாம்." ரகசியம் சொல்வதுபோல் சொன்னான். "வா. உள்ள போய்ப் பேசுவோம்."

பாய்ந்து லாரிக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள். ராணுவ லாரிக்குச் சாவி கிடையாது, பொத்தான்தான். அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் கேபிள்கள் தரையில் கிடப்பது நினைவுக்கு வந்தது.

என்ஜின் உறுமியது.

லெஸ்டர் ஒதுங்கி விழுந்ததையும், வேலி பிய்ந்ததையும் அவள் பார்க்கவில்லை. முப்பது கிலோமீட்டர். காவல் நிலையத்தின் முன்னால் பிரேக்கை மிதித்தாள். இரைச்சலில் காது கேட்காமல், அங்கிருந்த போலீஸ்காரர் ஜன்னலருகே வந்து கத்தினார்.

"மொதல்ல என்ஜின ஆஃப் பண்ணும்மா!"

"பண்ணிட்டேன்," என்றாள். நிறுத்தும் குமிழை அவள் ஏற்கெனவே இழுத்திருந்தாள். மூன்று முறை.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, கதவடியில் திறந்த பெட்டிக்குள் கேபிள் இல்லாமல் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்த பாட்டரியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

ரேலீன் ஸ்டியரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"போதும், டாரில். வந்து சேந்துட்டோம்."

என்ஜின் நின்றது.

வாயில் அந்தத் தித்திப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் துப்ப அவளுக்கு மனம் வரவில்லை.