எழுதாமல் விட்ட பாதை

நெல்வின் அடித்தது மூன்று வரிதான். திரையில் நான்கு இருந்தன.

ஆபீசுக்கு ஒன்று, ஷூ யூனிட்டுக்கு ஒன்று, பள்ளிகொண்டா கிளைக்கு ஒன்று. கம்ப்யூட்டர்களை இணைக்கும் கேட்வே என்கிற அந்தச் சாம்பல் நிறப் பெட்டி ஒரு முச்சந்தி மாதிரி. எந்தத் தெரு எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டால் போதும். நான்காவது வரி கழிவுநீர்க் கொட்டகையின் தெரு. அதைப் பூட்டி ஒரு வருஷமாகிறது. அதன் வரியை அழித்து, கேபிளை அறுத்து, கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போட்டு, தொட்டியின் வாயைக் கான்கிரீட் பலகையால் மூடியும் ஆயிற்று.

தோல் பதனிடும் அந்த ஆம்பூர் ஷாப்பில் வெள்ளிக்கிழமைதான் லீவு. நெட்வொர்க் வேலையெல்லாம் அன்றைக்குத்தான். மேனேஜர் இஷ்தியாக் அகமது ஜும்மாவுக்குக் கிளம்பும்போது கேட்டிருந்தார்:

"இன்னா நெல்வின், நான் தொழுதுட்டு வர்றதுக்குள்ள லைன் வந்துடுமா?"

"வந்துடும் பாய். பிரியாணில கறி ஜாஸ்தியா, கத்திரிக்கா கம்மியா இருக்கட்டும்."

"மொதல்ல லைன் வரட்டும். அப்பால கத்திரிக்காய பேசலாம்."

சிரித்துக்கொண்டே கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனார். தோல் திருடு போய்விடும் என்ற பயத்தில் அவருக்கு அது வழக்கம்.

இதுவரை பாதைகளையெல்லாம் நெல்வின் கையால் எழுதிவந்தான். இன்று முதல், எழுதியது போக, பெட்டிகளே முப்பது வினாடிக்கு ஒருமுறை தமக்குத் தெரிந்த பாதைகளை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும், ஊர்வம்பு மாதிரி. நான்காவது வரி அப்படிக் காதில் விழுந்ததுதான். தூரம் பதினைந்து, அதாவது பதினைந்து பெட்டி தள்ளி. பதினாறு என்றால் எட்டாத இடம்.

அழித்தான். மின்விசிறி கிறீச்சிட்டது. ஈரத்தோலும் சுண்ணாம்பும் கலந்த வழக்கமான நெடி ஜன்னல் வழியே வந்து மேசைமேல் படிந்தது. முப்பது வினாடி.

வந்துவிட்டது. தூரம் பதினான்கு.

பள்ளிகொண்டாவுக்குப் போன் போட்டான். சுந்தரி எடுத்தாள்.

"அங்க பெட்டில யாராச்சும் கை வச்சீங்களா?"

"கை வைக்கிறதா? காலைலேர்ந்து கரண்டே இல்ல சார். செத்துக் கெடக்குது."

அவர்களுடையதைத் தவிர வேறு பெட்டி கிடையாது. பிறகு சொல்வது யார்?

போன வருஷமும் ஒரு வெள்ளிக்கிழமைதான். பழைய கேட்வேயை மாற்றி, பாதைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினான். வேலூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கொட்டகையின் வரி விட்டுப்போனது. தொட்டிப் பம்பு ஆபீஸ் கம்ப்யூட்டரின் பேச்சைக் கேட்கவில்லை. என்னவென்று பார்க்க, தொட்டியைக் கவனித்துவந்த வேதாசலம் உள்ளே இறங்கினார். பிணமாகத்தான் தூக்கினார்கள். விஷவாயு என்றார்கள். நெல்வின் சத்தமில்லாமல் வந்து அந்த வரியை எழுதி வைத்துவிட்டு, லாங் பஜாரில் மாலை வாங்கினான். அதிலும் பேரம் பேசினான்.

திரையில் தூரம் பதினொன்று. பத்து.

அழுகிய முட்டை நாற்றம். ஒரு தடவை டீ குடிக்கும்போது வேதாசலம் தொட்டி வாயுவைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது: "நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்ல தம்பி. நின்னுபோச்சுன்னா மூக்கு செத்துச்சுன்னு அர்த்தம். ஓடிடணும்."

கேட் பூட்டியிருக்கிறது.

ஏழு. வெளியே முற்றத்தில் கான்கிரீட் நகரும் ஓசை. ஐந்து. ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போல ஏதோ. படிக்கட்டில். நான்கு.

கையால் எழுதிய பாதை இருந்தால் காதில் விழுந்ததைப் பெட்டி மதிக்காது. அதுதான் சட்டம். அன்றைக்கு விட்டுப்போன அதே வரியை அடித்தான். பெட்டியில் கேபிளே செருகாத மூன்றாவது துளைக்குத் திருப்பிவிட்டான். போய்த் தொலையட்டும்.

வம்பு வரி மறைந்தது. ஓசை நின்றது. மூச்சு விட்டான்.

அப்புறம்தான் உறைத்தது. கேபிள் இல்லாத துளைக்கு எழுதிய பாதை பட்டியலில் ஏறாது.

ஏறியிருந்தது. நேரடி இணைப்பு, நடுவில் தூரமே இல்லை.

மூன்றாவது துளையின் விளக்கு பச்சையாக எரிந்தது. வெள்ளையாக ஒரு சொட்டுச் சுண்ணாம்புத் தண்ணீர். இன்னொன்று. பிறகு நகம். சுண்ணாம்பில் ஊறி, தோல் கழன்று, உப்பிய ஒரு விரல் துளையைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்து, இப்படியும் அப்படியும் தடவி, அவன் பக்கமாக மடங்கியது.

அறையில் நாற்றம் நின்றுபோயிருந்தது.