பின்குடம்

காவடியின் பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போனது. இரண்டு குடங்களும் ஒரே அளவு. இரண்டிலும் கழுத்துவரை காவிரித் தண்ணீர். வாயில் வாழையிலை வைத்து மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டியது மருதாசலமேதான்.

“மாப்பிள்ளை, முன்குடம் ஒழுகுதா பாரு.”

மனைவியின் தம்பி நாச்சிமுத்து குனிந்து தடவினான். “சொட்டுக்கூட இல்லீங்க மச்சான்.” குடங்களை ஒவ்வொன்றாக ஏந்திப் பார்த்தான். “ரெண்டும் ஒரே கனந்தானுங்க. உங்க தோளுதான் கோணல். அக்கா இத்தன வருசமாச் சொல்லலீங்களா?”

சிரித்தபடியே, பாலத்தடிப் பந்தலில் மோர் சொல்லி வைப்பதாக, முன்னால் போகிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான்.

வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே வண்டித்தடம் தெற்கே நீண்டது. எண்பத்து மூன்றாம் வருடப் பங்குனி. காலை வெயிலே இடக்கன்னத்தில் காய்ந்தது. மருதாசலம் காவடித் தண்டை முன்னால் தள்ளிக்கொண்டார். காவடியும் கிணற்று ஏற்றம் மாதிரிதான். கனமான பக்கம் தோளை நெருங்கினால் அதன் இழுப்பு குறையும். முன்பக்கம் நீளும், சமமாகும். சமமானது. நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடியும் தாழ்ந்தது.

மறுபடி தள்ளினார்.

சேற்று வாடை வந்தது. கொடிக்கால் சேறில்லை, நாள்பட்டுத் தேங்கிய தண்ணீரின் வாடை. அப்போதுதான் மணல்குழி நினைவுக்கு வந்தது. தீர்த்தம் ஓடுகிற தண்ணீரில்தான் மொள்ள வேண்டும். வறண்ட ஆற்றில் கணுக்கால் அளவே ஓடியது. முன்குடம் நிறையவே விடிந்துவிட்டது. கூட்டம் கிளம்பிய அவசரத்தில் பின்குடத்தை மணல் அள்ளிய குழியில் அமிழ்த்திவிட்டார். தூக்கும்போது அடியிலிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் இழுத்து, பிறகு விட்டது.

விடவில்லையோ?

வலப்பக்கம் தரையில் நிழல் கூடவே வந்தது. தண்டு. முன்குடம். அவர் தலை. பின்குடம். அதன் அடியில் தொங்கும் இரண்டு கால்கள்.

தோளை உதறினால் போதும், எல்லாம் கீழே விழும். ஆனால் காவடி மண்ணில் படாமல், தோள் மாறாமல் பழனி சேர்ந்தால்தான் மகள் வசந்தாமணி பிழைப்பாள் என்று வேண்டியிருந்தார். மூன்றாவது வாரமாகக் காய்ச்சலில் கிடக்கிறாள். நேற்று அப்பாவையே அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.

பின்பக்கம் சரிந்தது. கால்கள் மண்ணைத் தொடப் போயின.

தள்ளினார்.

முதுகு நனைந்தது. வியர்வை இல்லை. குளிர்ந்திருந்தது.

“யாருங்க?”

பின்கழுத்தில் மூச்சு.

சாமி, என் புள்ள. என் புள்ள.

மீண்டும் தாழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு தண்டைக் கடைசிவரை தள்ளினார். பித்தளைக் குடம் பிடரியில் இடித்தது. ஊறி வெளுத்த விரல்கள் இரண்டு பக்கமும் வந்து அவர் தொண்டைக்குழியில் கோத்துக்கொண்டன.

கனம் முழுக்கத் தோளோடு ஒட்டிவிட்டது. இனி தாழ்வதற்கு இடமில்லை. காவடி சமமாக நின்றது.